அம்மாள் வருத்தமா, மருந்தா?

சிறுவர் வாட் தாதி, திருகோணமலை:
எங்கட பக்கம் பிள்ளைக்குக் காய்ச்சலோடு கொப்புளம் போட்டால் முதலில் வரும் பேச்சு "அம்மாள் வந்திட்டுது". வேப்பிலை போட்டுத் தனியாகப் படுக்க வைத்து, மூன்றாம் நாள்தான் வாட்டுக்குக் கொண்டு வருவார்கள். அதுவரை இந்த வருத்தத்தைக் கொண்டுவந்த வலிப்புக் குளிசை காலையும் மாலையும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

அம்மாள் என்கிற கொப்புளிப்பான் அரிக்கும், மருந்து ஒத்துக்கொள்ளாமல் வரும் ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் வருத்தம் நோகும். படுக்கை விரிப்பு உரசினாலே பிள்ளை கத்தும். உதட்டில் இரத்தம் காய்ந்த கறுப்புப் பொருக்கு, பீளை ஒட்டித் திறக்க முடியாத கண், சிறுநீர் போக எரிவு. சிவந்த தோலை விரலால் மெல்லத் தள்ளினால் நனைந்த கடதாசி போல் கழன்று வரும். சிவப்புத் தெரிய முதலே ஓரிரு நாள் காய்ச்சல், கண் உறுத்தல், தொண்டை நோ இருந்திருக்கும். இந்த வருத்தம் இப்படித்தான் தொடங்கும்.

மருந்தாளர், உப்புவெளி:
நாளை எண்ணுங்கோ. புது மருந்து தொடங்கி 4 முதல் 28 நாளுக்குள் வந்தால் அதில்தான் முதல் சந்தேகம். வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், பெனிட்டொயின், பீனோபார்பிட்டோன், லமோட்ரிஜின், அன்டிபயோட்டிக்கான கோட்ரைமொக்சசோல் ஆகியவை முன்வரிசை. பெற்றோர் நேற்றுக் கொடுத்த பனடோலைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் வருத்தம் தொடங்கியதால் காய்ச்சல், காய்ச்சலால் பனடோல்.

லமோட்ரிஜினில் அவசரம் ஆகாது. வல்புரோயேட் என்ற வலிப்பு மருந்தும் குடிக்கும் 2 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு முதல் இரண்டு கிழமை நாளுக்கு கிலோவுக்கு 0.15 மில்லிகிராம்தான், வல்புரோயேட் லமோட்ரிஜினை உடம்பில் தேங்க வைக்கும். இடையில் ஒரு கிழமை விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக் கூடாது, அடியிலிருந்து ஏற்ற வேண்டும். கார்பமசெபின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பெனிட்டொயின் கொடுப்பது சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை.

சிறுவர் மருத்துவர்:
மேலே சொன்னதோடு ஒன்று: பிள்ளைகளில் மைக்கோபிளாஸ்மா கிருமியும் இதே வாயையும் கண்ணையும் காட்டும். இருமல் இருந்தால் அதையும் தேடுங்கள். ஆனாலும் சந்தேக மருந்து அன்றே நிற்க வேண்டும். வலிப்பு மருந்தென்றால் வீட்டில் நிறுத்திவிட்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். லெவெட்டிராசெட்டம் போல வேறு ஒன்று தொடங்கப்படும்.

வாட்டில் அதிகம் கெடுவது சின்ன விஷயங்களில். திருகோணமலை வெக்கைக்கு உறவினர் காற்றாடியை முழு வேகத்தில் விடுவார்கள். தோல் உரிந்த பிள்ளை நடுங்கும், அறை 25 முதல் 28 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். ஒட்டும் பிளாஸ்டர் கூடாது, அதோடு தோலும் வரும். தீக்காயக் கணக்கில் சேலைன் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோர்க்கும். கிருமித்தொற்று இல்லாமல் அன்டிபயோட்டிக் வேண்டாம். கண் வைத்தியர் முதல் 24 மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும். பார்க்கப் பிந்தினால், தோல் ஆறினாலும் கண்ணில் தழும்பு நிற்கும். பெண்பிள்ளையின் பிறப்புறுப்பைக் கூச்சத்தில் விட்டுவிடுகிறோம், அங்கும் புண்பட்ட தோல் ஒட்டிக்கொள்ளும்.

மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டுக் கிழமையில் முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சலோடு தோல் சிவந்தால் அது DRESS எனும் வேறு வகை மருந்து ஒவ்வாமை. கொப்புளம் இல்லையென்று ஆறுதல் கொள்ளாமல் இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளைக் கலத்தையும் ஈரலையும் சோதியுங்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவுத் தாதி:
இன்னொரு மருந்து ஒவ்வாமை உடனே வரும். ஊசி போட்ட நிமிடங்களில் தோல் தடிப்பு, மூச்சு இழுப்பு, வாந்தி, மயக்கம் என்றால் அட்ரினலின் மட்டும்தான் முதல் மருந்து. 1:1000 கரைசலில் கிலோவுக்கு 0.01 மில்லிலீற்றர், அதாவது 20 கிலோப் பிள்ளைக்கு 0.2, எவருக்கும் ஒரு தடவைக்கு 0.5க்கு மேல் இல்லை. தொடையின் வெளிப்பக்கத் தசையில், 5 நிமிடத்தில் குறையாவிட்டால் திரும்பவும். அட்ரினலினை விட்டு, அரிப்புக்கான பிரிட்டோனும் ஸ்டீரொயிட்டான ஹைட்ரோகோர்ட்டிசோனும் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கிடத்திக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரலாம், எழுந்து நடக்க விடவே கூடாது. ஆஸ்பத்திரிக்கு வெளியில் என்றால் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

மருந்தாளர், உப்புவெளி:
கிளினிக் கொப்பியில் "மருந்து ஒத்துக்காது" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். பொதுப்பெயர், எத்தனையாம் நாள், என்ன நடந்தது எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். கார்பமசெபின் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பெயரில் விற்கிறது.