தாழ்த்திய சிவிக் ஈகே3: பின் டயர்களின் உட்புறம் மட்டும் தேய்கிறது

கொட்டகலையான்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ளது 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஈகே3 கார். ஐந்து மாதங்களுக்கு முன்னர் ஒரு கராஜில் கொடுத்து, நான்கு ஸ்பிரிங்குகளிலும் ஒவ்வொரு சுற்று வெட்டி வண்டியைத் தாழ்த்தினேன். பெரும்பாலும் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலேயே ஓடுகிறேன். 6,000 கிலோமீற்றர் கூட முடியவில்லை, பின் டயர்கள் இரண்டிலும் உட்புற விளிம்பில் கம்பி தெரிகிறது. வெளிப்புறத்திலோ டயரின் பூ (தரையில் படும் வரிகள்) இன்னும் புதிது போலவே இருக்கிறது. நேராக ஓடும்போது ஸ்டியரிங் சற்று இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் பிடித்தால், பின்பக்கம் தானாக ஒரு பக்கம் நகர்வது போன்ற உணர்வும் உண்டு.

முன் சக்கரங்களுக்கு இரண்டு முறை எலைன்மன்ட் செய்தும் பயனில்லை. கடைசியாக நான்கு சக்கரங்களையும் பார்க்கும் மெஷினில் ஏற்றியபோது, பின்பக்கக் கெம்பர் (சக்கரத்தின் சாய்வு; − என்றால் மேற்பகுதி உள்நோக்கி) இடது −2.9 பாகை, வலது −2.2 பாகை என்றும், டோ (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) இடது 3 மி.மீ. வெளிநோக்கி, வலது 1 மி.மீ. உள்நோக்கி என்றும் தாள் வந்தது. மொத்தம் 2 மி.மீ. தானே, அது பெரிய விடயமில்லை, கெம்பர்தான் காரணம், சக்கரத்தின் மேற்பகுதியை உடலோடு இணைக்கும் மேல் ஆர்மை மாற்றுங்கள் என்றார்கள். பணத்தைக் கொட்டுவதற்கு முன்னர் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பண்டாரவளை ஈகே:

தம்பி, கெம்பரைக் குற்றம் சொல்வது எளிது. சாய்வு கண்ணுக்குத் தெரிகிறது, டோ தெரிவதில்லை. −2 பாகைக் கெம்பரோடு டோ சரியாக இருக்கும் ஈகே வண்டிகள் டயரை ஓரளவு சமமாகவே தேய்க்கின்றன. டயரை இவ்வளவு விரைவில் தின்பது டோ. எந்த விளிம்பில் தின்ன வேண்டும் என்று காட்டிக்கொடுப்பது மட்டுமே கெம்பர். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக ஒரு திசையில் தடவிப் பாருங்கள், பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம் போலவும் பட்டால் டோதான், சந்தேகமே வேண்டாம்.

உங்கள் தாளில் மொத்தக் கணக்கைப் பார்த்து யாரும் ஏமாறக் கூடாது. இடது சக்கரம் வெளிநோக்கி, வலது சக்கரம் உள்நோக்கி என்றால் இரண்டுமே இடப்பக்கத்தைத்தான் பார்க்கின்றன. பின் அச்சு வண்டியை இடது பக்கம் தள்ளும், முகப்பு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதை நேராக்க நீங்கள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்திருப்பீர்கள். முன் சக்கரத்தில் எத்தனை முறை வேலை செய்தாலும் இது தீராது. வண்டி அப்படிக் கோணலாக ஓடும்போது ஒவ்வொரு பின் சக்கரமும் ஏறத்தாழ 1 மி.மீ. வெளிநோக்கி நிற்கிறது. 14 அங்குல ரிம்மின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஏறக்குறைய 390 மி.மீ.; எனவே ஒவ்வொரு 10 கிலோமீற்றருக்கும் அந்த டயர் ஏறத்தாழ 26 மீற்றர் தூரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஈகேயின் பின்பக்கத்துக்குரிய அளவு மொத்தம் 2 மி.மீ. உள்நோக்கிய டோ, −1 பாகை அளவில் கெம்பர்.

மேல் ஆர்ம் வாங்குவதற்கு முன்னர் இரண்டைப் பாருங்கள். முதலாவது, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள், கெம்பர் 0.7 பாகை வேறுபடுவதால் இடப்பக்கம் அதிகமாகத் தாழ்ந்திருக்கும் என்பது என் ஊகம். கையால் வெட்டிய ஸ்பிரிங்குகள் இரண்டும் ஒரே அளவாக அமைவது அபூர்வம். காஸ் வைத்து வெட்டியிருந்தால் சூடு பட்ட இடத்தில் உருக்கின் பதமும் போயிருக்கும்; வெட்டிய முனை தட்டில் சரியாக அமராமல், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறவும் கூடும். இரண்டாவது, பின் சக்கரத்தை அதற்கு முன்னால் உடலோடு இணைக்கும் டிரெய்லிங் ஆர்மின் பெரிய புஷ் (ரப்பர் பொருத்து). பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி இழுபடும் விசையைத் தாங்குவது அதுதான். ரப்பர் கிழிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் டோ மாறும். நீங்கள் சொல்லும் கினிகத்தேனை உணர்வு அதுவாகவே இருக்கலாம்.

ராகலைப் பழசு:

மேல் ஆர்ம் உடலோடு சேரும் பிரக்கட்டுக்குப் பின்னால் இரண்டு வொஷர் வைத்தால் சக்கரத்தின் மேற்பகுதி வெளியே வந்துவிடும். என் வண்டியில் அப்படித்தான் ஓடுகிறது. எதற்காக இவ்வளவு செலவு?

பண்டாரவளை ஈகே:

வொஷர் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் வைத்த வொஷரின் தடிப்புக்கு ஏற்ப நீளமான, வலுக் குறையாத போல்ட் போடாவிட்டால் திருகுப் பிடிப்பு குறைந்துவிடும். இந்த மலைப்பாதையில் அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. அதோடு கெம்பரை அசைத்தால் டோவும் அசையும். உயரம், கெம்பர், பின் டோ, கடைசியில் முன் டோ, இந்த வரிசை மாறக் கூடாது.

லிந்துலை கராஜ்:

மெஷின் இல்லாமலும் பின் டோவைப் பார்க்கலாம். சமதரைதான் நம்மூரில் கிடைக்காத பொருள். நான் தோட்டத்துக் கோயில் மண்டபத்தின் முன்னாலுள்ள சீமெந்துத் தரையில், மேசன் பாஸ் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்துச் செய்கிறேன். வண்டியின் இரு பக்கமும் சக்கர நடுவின் உயரத்தில் நூல் கட்டி, முன்னாலும் பின்னாலும் நூல்களின் இடைவெளி ஒன்றாக இருக்கும்படியும், ஒவ்வொரு நூலும் அந்தப் பக்கத்து முன், பின் சக்கர நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படியும் வையுங்கள்; ஈகேயில் முன் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் ஒன்றே என்பதால் இது எளிது. பிறகு ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளந்தால் வித்தியாசமே டோ. கெம்பருக்குத் தூக்குக் குண்டு போதும்: மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 6.8 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 1 பாகை. ஜெக்கிலிருந்து இறக்கியதும் சக்கரங்கள் தரையில் இறுகி நிற்கும். அவற்றின் கீழ் இரண்டு யூரியா பைத் துண்டுகளை இடையில் கிரீஸ் தடவி வைத்தால் சரிந்து இயல்பான இடத்துக்கு வரும்.

டோவைத் திருத்தும் இடம் டிரெய்லிங் ஆர்மின் முன்பக்கமுள்ள சிறிய கொம்பன்சேட்டர் ஆர்ம். அதன் உட்புற போல்ட் நீள்துளையில் நகரும். நம் மழைக்கும் பனிக்கும் அது பெரும்பாலும் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாளே எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். காஸ் சூடு காட்டினால் ரப்பர் எரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: சக்கரம் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டுகளை இறுக்கினால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி நிற்கும், சில மாதங்களில் கிழியும். பாரம் சக்கரத்தில் அமர்ந்த பிறகே இறுதி இறுக்கம்.

கொட்டகலையான்:

அண்ணாமாருக்கு நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உயரம் இடது 318 மி.மீ., வலது 326 மி.மீ.; ஊகம் சரியாகிவிட்டது. இடது டிரெய்லிங் புஷ்ஷில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ரப்பர் கிழிந்திருந்தது. வெட்டிய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை ஜோடியாக வாங்கிப் போட்டு, புஷ்கள் இரண்டையும் பிரஸ்ஸில் மாற்றினேன். மேல் ஆர்ம் வாங்கவில்லை. இப்போது கெம்பர் −1.6, −1.5, டோ ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. உள்நோக்கி. அதன் பிறகு முன் டோவைச் சரிசெய்ததும் ஸ்டியரிங் நேராக நிற்கிறது. பின்னால் மூன்று பேர் ஏறினால் மட்டும் எங்கள் தோட்டத்துப் பாதையின் மதகில் சைலன்சர் இன்னமும் தட்டுகிறது; அந்த இடத்தில் அவர்களை இறங்கி நடக்கச் சொல்லிவிடுகிறேன்.