சோனி ஏ7 மார்க் 2: பழைய பாடியை வாங்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். தெரிந்த திருமணப் புகைப்படக்காரர் ஒருவர் தமது சோனி ஏ7 மார்க் 2 கேமராவின் பாடியை (லென்ஸ் இல்லாத உடற்பகுதியை) 48,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பெரியப்பா விட்டுச்சென்ற ஃபிலிம் காலத்து மினோல்டா 50 மி.மீ. லென்ஸை அடாப்டர் போட்டு அதில் மாட்டி, கோயில் சிற்பங்களை எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 2014இல் வெளிவந்த கேமராவை இப்போது வாங்குவது சரியா? எதையெல்லாம் சோதித்து வாங்க வேண்டும்?

பழையகண்ணாடி:
உங்கள் தேவைக்கு இது போதும். படத்தைப் பதியும் சென்சாரே அசைந்து கைநடுக்கத்தை ஈடுசெய்வதால், எந்தப் பழைய லென்ஸுக்கும் அந்தப் பயன் கிடைக்கும். இதற்கு முந்தைய ஏ7இல் அது கிடையாது. ஆனால் மினோல்டா தன் குவியத்தூரத்தை, அதாவது அந்த மி.மீ. எண்ணை, கேமராவுக்குச் சொல்லாது என்பதால், மெனுவில் 50 என்று நீங்களே கொடுக்க வேண்டும். முன்பு மாட்டிய லென்ஸுக்குக் கொடுத்த 135ஐ மாற்ற மறந்து, ஒரு நாள் முழுக்க எடுத்த படங்களைக் கலங்கலாக்கியவன் நான். இப்படிப்பட்ட லென்ஸ் மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது; அதனால் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்கும் அமைப்பையும் முதலிலேயே அனுமதித்துவிடுங்கள். இல்லையெனில் பொத்தானை அழுத்தினாலும் படம் விழாது.

மொட்டைமாடி:
திருமணத்தில் உழைத்த பாடி என்பதால், திருத்தப்படாத ஜேபெக் கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் பதிந்திருக்கும் ஷட்டர் எண்ணிக்கையை (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதை) பாருங்கள். லென்ஸின் துளையை எஃப் 16 என்று சிறிதாக வைத்து வெறும் வானத்தை எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி கரும்புள்ளியாகத் தெரியும். அது ஊதினால் போகும். வரவேற்பு மேடையின் லேசர் ஒளி சென்சாரைச் சுட்டிருந்தால், எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் வண்ணக்கோடோ புள்ளியோ நிற்கும். அப்படியிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரட்டைக்கார்டு:
கல்யாண வேலைக்கென்றால் 2018இல் வந்த மார்க் 3ஐத்தான் சொல்வேன். இரண்டு கார்டு போடலாம், பேட்டரியும் ஏறத்தாழ இருமடங்கு நிற்கும். மார்க் 2க்குப் புதிய பேட்டரியிலேயே கணக்குப்படி 350 படங்கள்தான். சிற்பம் எங்கும் ஓடிவிடாது என்பதால் உங்களுக்கு அது பெரிய குறையன்று.

வைகைக்கரை:
நேற்று மாலை போய்ப் பார்த்தேன். ஷட்டர் எண்ணிக்கை 61,000. வானத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. ஊதியதும் இரண்டு மறைந்தன. மூன்றாவதைக் காட்டிப் பேசியதில், விலையைக் குறைக்க மனமில்லாதவர் இரண்டு பேட்டரிகளைச் சேர்த்துக் கொடுத்தார். அடாப்டர் வரவேண்டியதுதான் பாக்கி.