மகன் சொன்னது இரண்டே சொற்கள்

பதினோரு ஆண்டுகளாக அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். மனத்தை விட்டு அகலாத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

அந்த அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். அவர் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. மகன்தான் இடையில் நின்று பேசினார். வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மா இரண்டு நிமிடமாவது பேசியிருப்பார். கை அடிவயிற்றை அழுத்தியது, பிறகு முதுகுப் பக்கம் போனது. மகன் என்னிடம் திரும்பி, "கொஞ்சம் வலி" என்றார். நான் 3 என்று குறித்தேன். சிறுநீர் கழித்தாரா என்று கேட்டேன். தாயைக் கேட்காமலே தலையசைத்தார். அதையும் குறித்துக்கொண்டேன்.

மாலையில் மகன் வீட்டுக்குப் போன பிறகு, தொலைபேசியில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைத்தோம். காலையிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை, வயிறு வெடித்துவிடும் போல இருக்கிறது என்று அழுதார் அந்த அம்மா. குழாய் செருகியதும் 900 மில்லிக்கு மேல் வந்தது. என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

மகனை நான் குறை சொல்லமாட்டேன். பெற்றவளின் சிறுநீரைப் பற்றி முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிப் பேசுவார்? அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றியது நான்தான். மொழிபெயர்ப்பாளரின் எண் காலையிலும் அதே சுவரில்தான் ஒட்டியிருந்தது.

மறுமொழி:

அக்கா, நான் மொழி தெரிந்தே தவறவிட்டவள். நோயாளி நல்ல கருநிறத் தோல் கொண்ட முதியவர். படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்றுதான் படித்திருந்தேன். இடுப்புக்குக் கீழே எரிகிறது என்று அவர் இரண்டு முறை சொல்லியும், "பார்த்துவிட்டேன் ஐயா, ஒன்றுமில்லை" என்றேன். மூத்த செவிலியர் வந்து என் புறங்கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். சுற்றியிருந்த தோலைவிடச் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. சிவப்பு அங்கே கண்ணுக்குத் தெரியாது, கைதான் கண்டுபிடிக்கும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். ஒளியைத் தோலுக்குள் செலுத்தி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி அது. தோலின் நிறமி கணக்கைக் குழப்பக்கூடும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இக்கருவி காட்டத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால், எண் நன்றாக இருந்தாலும் ஈறையும் உள்ளுதட்டையும் பார்க்கிறேன், தமனி இரத்தப் பரிசோதனை வேண்டுமென்று மருத்துவரிடம் கேட்கிறேன்.

மறுமொழி:

என்னுடையது சிறியது. இரவு ட்யூட்டி முடித்தவர் ஒரு நோயாளியைக் காட்டி, "அந்த இனத்தவர்கள் எல்லோருமே இப்படித்தான், ஊசி குத்துவதற்கு முன்பே கத்துவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்து அட்டையைப் புரட்டினேன். இரவு 2 மணிக்குக் கொடுக்க வேண்டிய வலிநிவாரணி கொடுக்கப்படவில்லை. கட்டத்துக்குள் "தூங்குகிறார்" என்று எழுதியிருந்தது.