அப்பா வருகிறார்: பினாங்கில் ஒரு நாள் முழுக்க எங்கே நடக்கலாம்?

கேள்வி:
பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், இன்னும் ஊர் பிடிபடவில்லை. அடுத்த மாதம் அப்பா வருகிறார். வயது 68, தினமும் நடப்பவர். போன குளிர்காலத்தில் நார்வேயின் ஆஸ்லோவில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, பேரனோடு ஸ்கீ கட்டை மாட்டிக்கொண்டு ஒரு நாள் பூரா காட்டில் சுற்றினாராம். அதிலிருந்து அதே பேச்சு. "உன் ஊர்ல அப்படி என்னடா இருக்கு?" என்கிறார். எனக்கு மால்களை விட்டால் கர்னி டிரைவ் கடலோரச் சாலைதான் தெரியும்.

பதில்:
தம்பி, மால்களை விடுங்கள். அப்பாவைக் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) நடத்தியே கூட்டிப்போங்கள்.

அவர் ஆஸ்லோவில் போனது கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். உச்சியிலிருந்து விர்ரென்று இறங்குகிற விளையாட்டு வேறு. இதில் காலணியின் முனை மட்டும்தான் கட்டையில் மாட்டியிருக்கும், குதிகால் எழும்பும். சமதரையோ மேடோ, வழுக்கி வழுக்கி நடந்துகொண்டே இருக்கலாம். ஆஸ்லோவில் மெட்ரோ 1-ஆம் தடத்தில் கட்டைகளோடு ஏறி ஃப்ரோக்னர்செத்தெரனில் இறங்கினால் அங்கிருந்தே காட்டுப்பாதை. பையில் ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டும் இருக்கும். தாத்தாவும் பேரனும் மணிக்கணக்காக ஒரே பாதையில். அவருக்கு ருசித்தது அந்தத் துணைதான் என்பது என் ஊகம். அதற்குப் பனி தேவையில்லை.

தண்ணீர்மலை முருகன் கோயிலைத் தாண்டிப் போகிற ஜாலான் கெபுன் பூங்ஙாவின் கோடியில் தாவரவியல் பூங்கா. அதன் வாசலை ஒட்டியே ஜீப் பாதை தொடங்கும். உச்சிவரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர், தார் போட்டது, வழி தவறாது. அஞ்சு கிலோமீட்டர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். ஏறுவது கிட்டத்தட்ட 700 மீட்டர், சில வளைவுகளில் பேச்சே வராது. அவருக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மலைமேல் குடியிருப்பவர்களின் வண்டிகள் வரும், ஓரமாக நடக்கச் சொல்லுங்கள்.

இங்கே சூரியன் எழவே ஏழு மணி தாண்டும், அப்பா ஊர்ப்பழக்கத்தில் விடிகாலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். ஏழுக்குக் கிளம்பினால் சரி. பிற்பகலில் இடியோடு மழை கொட்டும், அதற்குள் மேலே இருக்க வேண்டும். பசியாறிவிட்டுப் போங்கள், ஆனால் மூன்று ரொட்டி சானாய் வேண்டாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு 100 பிளஸ் பானம், மாற்றுச் சட்டை. புளிச்சோறு கட்டினால் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் பூங்காவைத் தாண்டுமுன்பே குரங்கு வாங்கிக்கொள்ளும்.

என் மாமனார் தேனிக்காரர். வீட்டில் எங்கள் இருவருக்கும் "சாப்டீங்களா மாப்ளே", "ஆச்சு மாமா" என்பதற்குமேல் பேச்சு நீண்டதில்லை. அவரோடு ஏறினேன். முதல் வளைவிலேயே ஒரு சீன அங்கிள், மாமாவைவிட மூத்தவர், கையில் துண்டோடு "மோர்னிங்!" சொல்லிக் கடந்து போனார். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொஞ்சதூரம் விரட்டிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க மைல்கல்லில் உட்கார்ந்து, தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்கத் தோட்டத்தை விற்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தார். என் மனைவிக்கே அது தெரியாது. இருவரும் முன்னே பார்த்து நடக்கும்போது சில பெரியவர்களுக்கு வாய் திறக்கிறது. அதனால் நீங்கள் வேகமாக முன்னால் போய் நின்று காத்திருக்காதீர்கள், ஒரு அடி பின்னாலேயே வாருங்கள்.

பாதி வழியில் 84 என்ற ஓய்விடம் இருக்கிறது. அங்கே அவர் முகத்தைப் பார்த்து முடிவெடுங்கள். நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்று நார்வேக்காரர்கள் மலைவிதியாகவே வைத்திருக்கிறார்கள். அப்பா வீம்பு பிடித்தால் அதைச் சொல்லுங்கள், நார்வே என்றால் கேட்பார்.

மேலே காற்று கீழைவிடக் குளுகுளுவென்று இருக்கும். அருளொளி திருமுருகன் கோயில் அங்கேயே இருக்கிறது, மாற்றுச் சட்டை அதற்குத்தான். இறங்கும்போது நடக்காதீர்கள், அந்தச் சரிவு முழங்காலைத் தின்றுவிடும். 1923 முதல் ஓடுகிற மலை ரயிலில் ஒருவழிச் சீட்டு எடுங்கள். முன்பெல்லாம் நடுவழியில் பெட்டி மாற வேண்டும், 2011-இலிருந்து நேராகக் கீழே. மைகார்ட் (மலேசிய அடையாள அட்டை) இல்லாதவர்களுக்குக் கட்டணம் கூடுதல். ஒன்று கவனியுங்கள்: ரயில் இறக்கிவிடுவது ஆயர் ஈத்தாம் பக்கம், நீங்கள் ஏறியது பூங்கா பக்கம். காரைப் பூங்காவில் விட்டால் அதை எடுக்க ஒரு சுற்று. காலையிலேயே கிராப் வாடகைக் காரில் போய்விடுங்கள்.

கேள்வி:
நன்றி அண்ணே. அம்மாவும் வருவதாக இப்போது சொல்கிறார்கள். முழங்கால் வலி உண்டு.

பதில்:
அம்மா ரயிலில் வரட்டும். நீங்கள் அப்பாவோடு ஏறுங்கள், உங்கள் வீட்டம்மா அம்மாவோடு ரயிலில் வந்து கோயிலில் சந்திக்கலாம். 204 பஸ் ரயிலடிக்கே போகும். பள்ளி விடுமுறையும் ஞாயிறும் வேண்டாம், ரயிலுக்கு வரிசை நீளும். தைப்பூச சமயமாக இருந்தால் கொடிமலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், பூங்கா போகிற சாலை முழுக்கத் தண்ணீர்மலைக்குப் போகிற கூட்டமும் தண்ணீர்ப் பந்தலுமாக இருக்கும். அன்றைக்கு அப்பா அங்கே 513 படி ஏறட்டும்.