விவால்டி ஒரே கான்செர்டோவைத்தான் ஐந்நூறு தடவை எழுதினாரா?

கரும்பலகை:
நேற்று முழுக்க விவால்டி கேட்டேன், அந்தப் பழைய இத்தாலிய இசையமைப்பாளர். ஆறாவது கான்செர்டோவுக்கு (தனி வாத்தியமும் குழுவும் மாறி மாறி வாசிப்பது) அப்புறம் எது முடிந்தது, எது தொடங்கியது என்றே தெரியவில்லை. வேகம், நிதானம், வேகம். எல்லோரும் சேர்ந்து ஒரு துண்டு வாசிக்கிறார்கள், தனி வயலின் கொஞ்சம் ஓடுகிறது, மறுபடி அதே துண்டு. ஒரே கான்செர்டோவை ஐந்நூறு தடவை எழுதியவர் என்ற பழைய கிண்டல் சும்மா வரவில்லை. திட்டுவதென்றால் திட்டுங்கள்.

வயலின்பித்தன்:
ஆறு தட்டு இட்லியை ஒரே மூச்சில் தின்றுவிட்டு ஏழாவது ருசிக்கவில்லை என்கிறீர்கள். அந்தத் துண்டுக்கு ரிட்டோர்னெல்லோ என்று பெயர். நம் பல்லவி மாதிரி.

தம்புரா:
பல்லவி உவமை பாதிதான் பொருந்தும் பித்தன். பல்லவி அதே சுருதியில் திரும்பும். ரிட்டோர்னெல்லோ நடுவில் தலைகாட்டும்போது பெரும்பாலும் வேறு சுருதிக்கு மாறியிருக்கும், பாதி வெட்டுப்பட்டும் இருக்கும். முழுசாக வீடு திரும்புவது கடைசியில்தான். இந்தக் கட்டுமானம் பிடித்துப்போய்த்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், வைமார் நகரில் இருந்தபோது விவால்டியின் கான்செர்டோக்களை ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) மாற்றி எழுதினார். 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான விவால்டியின் 'லெஸ்ட்ரோ அர்மோனிகோ' தொகுப்பில் நான்கு வயலின்களுக்கான ஒன்று உண்டு. பிற்பாடு அதை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு மாற்றினார் பாக்.

கரும்பலகை:
பாக் கற்றுக்கொண்டார், அப்புறம் வாத்தியாரைத் தாண்டிப் போய்விட்டார். அது என் கட்சிக்குத்தானே பலம்? மாதம் இரண்டு கான்செர்டோ என்று 1723இல் ஒப்பந்தம் போட்டவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

வயலின்பித்தன்:
ஒப்பந்தம் யாரோடு என்பதையும் சொல்லுங்கள். வெனிஸில் ஓஸ்பெடாலே தெல்லா பியெட்டா, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். 1703இல் பாதிரியார் பட்டம் வாங்கிய கையோடு அங்கே வயலின் வாத்தியாராகச் சேர்ந்தார் மனுஷன் (செம்பட்டை முடி, அதனால் 'சிவப்புப் பாதிரியார்'). 1709இல் நிர்வாகிகள் ஓட்டெடுப்பு நடத்தி வெளியே அனுப்பினார்கள், 1711இல் திரும்பக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த பெண்களின் வாசிப்பைக் கேட்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

'ஒரே கான்செர்டோ' என்கிறீர்களே, பஸூன் என்ற ஊதுகுழல் வாத்தியத்துக்கு மட்டும் 39 எழுதியிருக்கிறார், மாண்டலினைக்கூட விடவில்லை. சரி, அவருடைய 'நான்கு பருவங்கள்' கான்செர்டோக்களில் 'வசந்தம்' இரண்டாம் பகுதியை மட்டும் கேளுங்கள். தனி வயலின், தூங்கும் ஆட்டிடையன். மற்ற வயலின்கள் இலைச் சலசலப்பு. வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது) நாய்: ஒரே சுரத்தை இரண்டிரண்டாக, கடைசிவரை. பிய்த்தெடுப்பதுபோல் பலமாக வாசிக்கும்படி அவரே குறித்திருக்கிறார். கீழ்ச்சுர வாத்தியங்களான செல்லோவும் பாஸும் வாயே திறப்பதில்லை. அடித்தளமே இல்லாமல் ஒரு மத்தியானத் தூக்கம்!

புதுசு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பெரிய ஆளை இடையில் உலகம் மறந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

தம்புரா:
உண்மைதான். 1741இல் வியன்னாவில் ஏழையாகச் செத்தார். அவர் கைப்பிரதிகளில் பெரும்பகுதி 1926க்குப் பிறகுதான் இத்தாலியின் டூரின் நகர நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. வாங்கிக்கொடுத்தவர்கள் இரண்டு பணக்காரர்கள். இருவருமே சின்ன வயதில் இறந்த மகனின் நினைவாகக் கொடுத்தார்கள். அந்தத் தொகுப்புகளுக்கு இன்றும் அந்தப் பிள்ளைகளின் பெயர்தான்.

கரும்பலகை:
நாய்ப் பகுதியை ஹெட்ஃபோனில் கேட்டேன். குரைக்கத்தான் செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் பகுதி தொடங்கியதும் மறுபடி எல்லோரும் சேர்ந்து அதே துண்டு. நிறுத்திவிட்டேன்.