பீடத்துக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பொன் மரவேலை: என்ன பெயர்?

> கலைச்சொல் தொகுப்பில் 'ரெடாபிள்' (பீடத்துக்குப் பின்னால் எழும் செதுக்கு வேலை) என்பதற்குத் 'திருவாசி', 'கில்டிங்' (பொன் ஏற்றுதல்) என்பதற்குப் 'பொன்முலாம்' போதாதா?

வணக்கம் ஐயா,

போதாது என்றே படுகிறது. முலாம் என்றால் உலோகத்தின்மேல் உலோகம். நகைக்கடைப் பேச்சும் அதுதான். கோவாவின் பழைய தேவாலயங்களில் பொன் ஏறியிருப்பது மரத்தின்மேல். செதுக்கிய மரத்துக்கு வச்சிரப் பசை தடவி, சுண்ணப்பொடி கலந்த வெள்ளை மக்கைப் பல கை பூசி, அதன்மேல் செங்களிமண் கொடுத்து, பொன் ரேக்கை (மிக மெல்லிய தகட்டை)ப் படியவைத்து, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். பொன் தேய்ந்த இடத்தில் சிவப்பு தெரிகிறதே, அது அந்தக் களிமண். தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் வாயில் புழங்கும் 'ரேக்கு ஒட்டுதல்' இருக்க, புதுச்சொல் எதற்கு? பொருளின் பெயருக்கு மட்டும் 'பொன்வேய்' என்று அடைகொடுக்கலாம். பராந்தகன் தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்தது கூரையில்தான் என்றாலும், போர்த்துதல் என்ற பொருள் இங்கும் பொருந்தும்.

திருவாசி ஒரு திருமேனியைச் சுற்றி வளைவது. இதுவோ கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய அமைப்பு. கோவாவின் போம் ஜேசு பேராலயத்தில் கீழே சிறிய குழந்தை இயேசு. அதற்கு மேல் ஆளுயரத்தையும் மீறிய இஞ்ஞாசியார், இயேசு சபையை நிறுவிய புனிதர். அவர் பார்வை போகும் உயரத்தில் இயேசு பெயரின் எழுத்துகள் பொறித்த கதிர்வட்டம். உச்சியில் மூவொரு கடவுள். 'ஏழுநிலை மாடம்' என்று பழகிய வழக்கிலிருந்து 'பீட நிலைமாடம்' என்றால் என்ன?

> போர்த்துகலின் போர்த்தோ நகரில் புனித பிரான்சிஸ்கு கோயிலில் ஈசாய் மரம் (1718–1721) இருக்கிறது. ஈசாய் தாவீது அரசரின் தந்தை; இது இயேசுவின் வம்சாவளியைக் காட்டும் செதுக்கு வேலை. படுத்திருக்கும் ஈசாயிடமிருந்து மரம் கிளம்பி, யூதா அரசர்கள் கிளைகளில் நிற்கிறார்கள். அதில் நிலை ஏது, மாடம் ஏது?

நியாயமான கேள்வி. அப்படியானால் பொதுப்பெயர் 'பீடப் பின்னணி', அடுக்கடுக்காக எழுவது மட்டும் 'நிலைமாடம்'. வெறும் 'பீடம்' என்று விட்டுவிடலாம் என்போருக்கு ஒன்று: இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு குருவானவர் மக்களைப் பார்த்து நின்று பூசை வைக்க முன்னால் தனிப்பீடம் வந்துவிட்டது. இப்போது பல கோயில்களில் பீடம் இரண்டு.

குறியீடுகளுக்கு வருவோம். திராட்சைக்கொடி சுற்றிய திருகு தூணுக்கு 'சாலமோன் தூண்' என்று எழுதினால் அரசர்தான் நினைவுக்கு வருவார். கொடி சுட்டுவது நற்கருணை இரசத்தையும் 'மெய்யான திராட்சச்செடி'யையும். ஆகவே 'கொடிமுறுக்குத் தூண்' என் தேர்வு. நற்கருணையை எடுத்து வைக்கப் போர்த்துக்கீசியர் எழுப்பும் படிப்படியான மேடைக்கு 'படியரியணை'. நற்கருணைப் பேழை ஏற்கெனவே வழக்கில் உள்ளது, தொடவேண்டாம்.

தன் மார்பைக் குத்தி இரத்தத்தால் குஞ்சுகளை ஊட்டுவதாகக் காட்டும் பறவை, கிறிஸ்துவின் தியாகத்துக்கு அடையாளம். அதற்குப் 'பெலிக்கன்' என்றே எழுதுகிறோம். கூந்தன்குளத்தில் கூடு கட்டும் கூழைக்கடாவேதான் அது. பெயர் கொச்சையாக ஒலிக்கிறது என்று தயங்குவானேன்?

'நிலைமாடம்' கட்டடக்கலைப் பட்டியலில் வேறு பொருளில் ஏறியிருக்கிறதா என்று யாரேனும் பார்த்துச் சொன்னால், அடுத்த தொகுப்பில் சேர்த்துவிடலாம்.