கார்த்திகை முகூர்த்தம், டெல்டா பக்கம்: கல்யாண இன்சூரன்ஸில் எதைப் பார்த்து எடுக்கணும்?

வயல்வரப்பு:

தங்கை கல்யாணம் கார்த்திகை கடைசி முகூர்த்தத்தில், மயிலாடுதுறை மண்டபத்தில். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை தாலி கட்டு. மூன்றாம் நாள் கும்பகோணம் ஹோட்டல் ஹாலில் வரவேற்பு. எல்லாச் செலவும் எங்கள் வீட்டுப் பொறுப்பு.

கணக்கு இது: மண்டபம் 2.80 லட்சம், சமையல் காண்ட்ராக்ட் 6.50, அலங்காரம் 1.20, போட்டோ வீடியோ 1.50, பத்திரிகை 35 ஆயிரம், கும்பகோணம் ஹால் சாப்பாட்டோடு 3 லட்சம். மொத்தம் 15.35 லட்சம். நகை 60 பவுன் தனி.

ஏஜென்ட் ஒருவர் 10 லட்சத்துக்குக் கல்யாண பாலிசி, பிரீமியம் 11,000, ஜிஎஸ்டி சேர்த்து 12,980 என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "மழை, புயல், திருட்டு, வீட்டில் துக்கம், எல்லாத்துக்கும் கிடைக்கும்" என்கிறார். அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) வயது 84, இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். மழைக்காலம் வேறு. உண்மையிலேயே எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது? 10 லட்சம் போதுமா?

நஷ்டமதிப்பீடு:

தம்பி, "எல்லாத்துக்கும்" என்று சொல்லும் பாலிசி கிடையாது. கல்யாண பாலிசி என்பது நாலு பிரிவை ஒன்றாகக் கட்டியது: நிகழ்ச்சி ரத்து அல்லது தள்ளிவைப்பு, பொருள் சேதம், விபத்துக் காப்பீடு, மூன்றாம் நபர் பொறுப்பு (நம்மால் விருந்தாளி போன்ற வெளியாருக்கு வரும் பாதிப்பு). ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை, தனி விதிவிலக்கு. அந்த 10 லட்சம் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ரத்துப் பிரிவுக்கு அதில் 4 லட்சம்தான் என்றால், உங்கள் பயத்துக்கு அந்த 4 லட்சம்தான் மருந்து. பிரீமியத்தைப் பொறுத்தவரை, இந்த வகைக்குக் காப்புத் தொகையில் 0.7 முதல் 2 சதவீதம் வரை கேட்பது வழக்கம். அவர் சொன்னது அதற்குள்தான் இருக்கிறது, அதில் குறையில்லை.

மழை விஷயத்தைப் பொறுமையாகப் படியுங்கள், நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரத்துப் பிரிவில் பணம் வர, பாலிசியில் எழுதிய இடத்துக்குப் புயலாலோ வெள்ளத்தாலோ தீயாலோ நேரடிச் சேதம் வந்து, அதனால் நிகழ்ச்சி நடக்காமல் போயிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான வாசகம். மண்டபத்துக்குள் தண்ணீர் புகுந்தது, கூரைத் தகடு பறந்தது என்றால் சரி. மண்டபம் அப்படியே நிற்கிறது, கலெக்டர் பள்ளிக்கு லீவு விட்டுவிட்டார், பஸ் ஓடவில்லை, 800 இலைக்கு 150 பேர்தான் வந்தார்கள் என்றால் ஒரு ரூபாய் வராது. வண்டி, ரயில் வராததை விதிவிலக்கிலேயே எழுதியிருப்பார்கள். "பாதை துண்டிப்பு" சேர்த்துத் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டாலும் டெல்டாவுக்கு அது பெறும்.

இன்னொன்று நம் ஊர் வழக்கத்தால் வருவது. மண்டபத்தில் முழங்கால் தண்ணீர் என்றால் நாம் முகூர்த்தத்தைத் தள்ளுவதில்லை. அதே நேரத்துக்குப் பக்கத்துக் கோயிலில் தாலி கட்டிவிட்டு, விருந்தை விட்டுவிடுவோம். பாலிசியில் "திருமணம்" என்று ஒரே நிகழ்ச்சியாக எழுதியிருந்தால், "திருமணம் நடந்துவிட்டதே, எது ரத்தானது?" என்று கம்பெனி கேட்கும். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. ஆகவே மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தமும் விருந்தும், வரவேற்பு என்று மூன்றையும் தனித்தனி நிகழ்ச்சியாக, தேதி, தொடங்கும் முடியும் நேரம், முழு முகவரி, தனித் தொகையோடு அட்டவணையில் ஏற்றச் சொல்லுங்கள். கும்பகோணம் முகவரி அட்டவணையில் இல்லையென்றால் அந்த 3 லட்சத்துக்குப் பாதுகாப்பே இல்லை.

எப்போது எடுப்பது? அட்வான்ஸ் கொடுத்த கையோடு. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று வானிலை மையம் சொன்ன பிறகு எடுத்தால், அந்தப் புயல் "ஏற்கெனவே தெரிந்த ஆபத்து" ஆகிவிடும். 2018 நவம்பர் 16 கஜா, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், இரண்டுமே முகூர்த்தக் காலத்தில் கரை கடந்தவைதான். வாட்ஸ்அப் கோட்டேஷன் பாலிசி ஆகாது. 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேரும் வரை அவர்கள் தலையில் எந்த ரிஸ்க்கும் இல்லை. ஏஜென்ட் கையில் பணமாகக் கொடுக்காமல் கம்பெனிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

10 லட்சம் போதாது. 15.35 லட்சச் செலவை 10 லட்சத்துக்குக் காட்டினால், பாலிசியில் சராசரி விதி (குறைத்துக் காட்டிய விகிதத்திலேயே நஷ்டத்தையும் குறைத்துத் தரும் விதி) இருக்கும் பட்சத்தில் ஒவ்வொரு நஷ்டத்திலும் 65 சதவீதம்தான் தருவார்கள். 6 லட்சம் நஷ்டமானால் கைக்கு வருவது 3.90 லட்சம், அதிலும் முதல் கழிவு (கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய தொகை) போக.

பொன்தராசு:

நகைக்கு மட்டும் சொல்கிறேன். பாலிசியில் "கன்னம் வைத்தல், உடைத்துப் புகுதல்" மட்டும் இருந்தால், மண்டபத்தில் சாதாரணமாக நடக்கும் திருட்டுக்கு அது உதவாது. பூட்டையோ சன்னலையோ உடைத்த தடயம் வேண்டும். இப்படிப் பலவந்தம் இருந்தால்தான் அந்த வகைப் பாலிசியில் பணம் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மணப்பெண் அறைக் கதவு திறந்திருந்தது, பெட்டி கட்டில் மேல் இருந்தது, கூட்டத்தோடு கூட்டமாக யாரோ எடுத்துப் போய்விட்டார் என்றால் அது வெறும் திருட்டு. "திருட்டு" என்ற சொல் தனியாக இருக்க வேண்டும். அப்போதும் "கவனிக்காமல் விட்டது", "எப்படிப் போனது என்று தெரியாதது" இரண்டும் விதிவிலக்கில் உட்கார்ந்திருக்கும்.

60 பவுன் என்பது 480 கிராம். மொத்தமாக "தங்க நகைகள்" என்று ஒரு வரியில் எழுதினால் கிளெய்மில் ஒவ்வொன்றையும் நிரூபிக்கச் சொல்வார்கள். உருப்படி வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு நகையையும் மின் தராசில் வைத்து, எடை தெரிகிற மாதிரி ஒரு படம். அதைத் திருப்பி, ஹால்மார்க் முத்திரைப் பக்கத்தில் இருக்கும் ஆறு எழுத்து ஹெச்.யூ.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாள எண்) தெரிகிற மாதிரி இன்னொன்று. அந்த எண் 2023 ஏப்ரல் 1-லிருந்து விற்கும் ஹால்மார்க் நகையில் கட்டாயம். பாட்டி காலத்து அட்டிகை, காசு மாலைக்கெல்லாம் அது இருக்காது. அவற்றுக்கு நகை மதிப்பீட்டாளரிடம் மதிப்புச் சான்று வாங்கிவிடுங்கள். சித்தி, அத்தையிடம் இரவல் வாங்கிப் போடுவதை "இரவல்" என்றே காட்டணும். மறைத்தால் அதைச் சாக்காக வைத்தே மறுப்பார்கள்.

லாக்கரிலிருந்து எடுக்கும் நாள், போட்டு முடித்துத் திரும்ப வைக்கும் நாள், நடுவில் வண்டிப் பயணம், எல்லாம் பாலிசிக் காலத்துக்குள் வரணும். கல்யாணம் சனி, ஞாயிறு என்றால் திங்கள்தான் வங்கி. அந்த ஒரு நாள் விட்டுப்போகும், பாருங்கள். "லாக்கரில் இருக்கும்வரை வங்கி பொறுப்பு" என்றும் அசந்துவிடாதீர்கள். 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையில் நூறு மடங்கு வரைதான். வாடகை 2,500 என்றால் 2.5 லட்சம். 60 பவுனுக்கு அது எந்த மூலைக்கு?

மொய்ப் பணம் பெரும்பாலும் சேராது, அல்லது சின்ன உள்வரம்புக்குள் சேரும். தொகையை முன்கூட்டி யாரும் சொல்ல முடியாதே. எழுதும் நோட்டை மட்டுமாவது பக்க எண்ணோடு வைத்து, மணிக்கொரு தடவை பணத்தை எண்ணிக் கையெழுத்து வாங்கி நகர்த்துங்கள்.

வாதிபிரதிவாதி:

மேலே சொன்னவற்றோடு நான் ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. ரத்துப் பிரிவுக்குப் பணம் கட்டும் முன் மண்டப ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள். "இயற்கைச் சீற்றத்தால் மண்டபம் பயன்படாவிட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும், அல்லது ஆறு மாதத்துக்குள் வேறு தேதி தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்குவது பத்து நிமிட வேலை, செலவும் இல்லை. சமையல்காரரிடமும் அப்படியே. எப்படியும் திரும்ப வரும் பணத்தைக் கழித்துக்கொண்டுதான் இன்சூரன்ஸ் தரும். திரும்பி வராத தொகை எவ்வளவு என்று பார்த்து அதற்கு மட்டும் எடுத்தால் பிரீமியம் பாதியாகலாம்.

ரசீது விஷயம். துண்டுச் சீட்டில் "ரூ.1,00,000 பெற்றேன்" என்று கிறுக்கியது சர்வேயரிடம் (கம்பெனி சார்பில் நஷ்டத்தை மதிப்பிட வருபவர்) செல்லாது. தேதி, நிகழ்ச்சி, முகவரி, ஜிஎஸ்டி எண் உள்ள ரசீது வேண்டும். ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டம் சொல்கிறது. நாலு தவணையாகப் பிரித்துக் கொடுத்தாலும் அது ஒரே நிகழ்ச்சிதான். அபராதம் வாங்கியவருக்கு. அதனாலேயே அவர் பின்னாடி உண்மைத் தொகைக்கு ரசீது தரத் தயங்குவார், உங்கள் கிளெய்ம் நொண்டும். வங்கி வழியாகவே கொடுங்கள்.

துக்கம் பற்றி. பாலிசியில் "நெருங்கிய உறவினர்" என்று ஒரு விளக்கம் இருக்கும். மணமக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். நம்மிடம் கல்யாணம் நிற்பது அதற்கு மட்டுமா? பங்காளி வீட்டில் பெரியப்பா இறந்தாலும் தீட்டு, முகூர்த்தம் தள்ளும். பாலிசி தீட்டைப் பார்க்காது, பெயரைத்தான் பார்க்கும். தாத்தா, அப்பாயி, பெரியப்பா, சித்தப்பா பெயர்களை எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்பாயியின் இதய நோயை முன்மொழிவுப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோயால் வரும் மரணத்தைப் பல பாலிசிகள் விலக்குகின்றன. விலக்கு என்றால் அவர் விஷயத்தில் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று இப்போதே தெரிந்துவிடும். மறைத்துவிட்டால் பாலிசியே கேள்விக்குள்ளாகும். பெண், மாப்பிள்ளை மனம் மாறியது, இரு வீட்டுத் தகராறு, இவற்றுக்கு எங்கேயும் கிடைக்காது.

பாலிசி உங்கள் அப்பா பெயரில் தனிநபராக இருக்கட்டும், அலங்காரம் செய்யும் நிறுவனத்தின் பெயரில் வேண்டாம். கிளெய்ம் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதணும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம். வரம்பு 50 லட்சம், கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

இலைக்கணக்கு:

சாப்பாட்டை யாரும் தொடவில்லையே. மூன்றாம் நபர் பொறுப்பு என்று போட்டிருந்தாலும் உணவு நஞ்சானதால் வரும் பாதிப்பு தானாகச் சேராது, தனியாகச் சேர்க்கணும். "உணவு, பானம் நீட்டிப்பு உண்டா?" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். காண்ட்ராக்டரிடம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி தாண்டியிருந்தால் கம்பெனிக்கு அதுவே கைப்பிடி. பொதுவாகக் கெடுவது பந்தியில் போடும் சாம்பார் இல்லை. முதல் நாள் ராத்திரி மிஞ்சியதும், தயிர், பால் இனிப்பு, அரைத்த தேங்காய்ச் சட்னியும் வெளியே பல மணி நேரம் கிடப்பதுதான். ஒவ்வொரு பந்திப் பதார்த்தத்திலும் ஒரு கரண்டி தனி டப்பாவில் போட்டு, நேரம் எழுதி, ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஆனால் எதனால் என்று அது ஒன்றுதான் காட்டும்.

பந்தல். கீற்றுப் பந்தல் போடாதீர்கள், போட்டாலும் அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூரைப் பந்தல் தீப்பற்றி மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கீற்றுக் கட்டுமானத்தைப் பல பாலிசிகள் தீப் பிரிவிலிருந்தே விலக்குகின்றன. வாசலில் பட்டாசு வெடிப்பதும் அப்படித்தான்.

வயல்வரப்பு:

எல்லாருக்கும் நன்றி அண்ணா. மண்டப ஒப்பந்தத்தைப் பார்த்தேன், திருப்பித் தருவது பற்றி ஒரு வரியும் இல்லை. நாளைக்கே போய்ப் பேசுகிறேன். இரண்டு கேள்வி. ஊரிலிருந்து சொந்தக்காரர்களை அழைத்துவரத் தெரிந்தவர் வேன் தருகிறார், அது பாலிசியில் சேருமா? கடவுளே என்று ஏதாவது நடந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யணும்?

நஷ்டமதிப்பீடு:

வேன் கல்யாண பாலிசியில் சேராது, வண்டியின் பாலிசியைத்தான் பார்க்கணும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால் கம்பெனி மறுக்க வழி இருக்கிறது. மஞ்சள் போர்டு, நடப்பு பர்மிட், தகுதிச் சான்று மூன்றும் பார்த்து எடுங்கள். சீர்வரிசை ஏற்றும் குட்டி யானையில் பின்னாடி ஆட்களை ஏற்றாதீர்கள், சரக்கு வண்டியில் சும்மா வருபவர்களுக்குக் காப்பீடு கிடையாது. வீட்டில் 18 முதல் 70 வயதுக்குள் இருப்பவர்களுக்கு வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், 2 லட்சம் அதில் உண்டு.

முதல் ஒரு மணி நேரத்துக்கு: ஆட்களை வெளியேற்றிய பிறகு, எதையும் பெருக்கித் தள்ளும் முன் போனில் வீடியோ. வாசலிலிருந்து தொடங்கி, மண்டபப் பெயர்ப்பலகை தெரிய, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக உள்ளே வரை. தண்ணீர் என்றால் சுவரில் நின்ற உயரத்துக்கு ஒரு அளவு டேப் பிடித்துப் படம். உடனே கம்பெனிக்குப் போனும் மின்னஞ்சலும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திருட்டு என்றால் அன்றைக்கே போலீஸ் புகார், எஃப்.ஐ.ஆர். நகல். தீ என்றால் தீயணைப்புத் துறைச் சான்று. அதோடு "இன்ன காரணத்தால் இன்ன தேதியில் மண்டபம் பயன்படுத்த முடியவில்லை" என்று மண்டப நிர்வாகத்தின் கையெழுத்தும் முத்திரையுமான கடிதம். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் நிர்வாகம் தராது. கடிதத்தின் வரைவை இப்போதே தட்டச்சு செய்து, காரணமும் தேதியும் காலியாக விட்டு, மஞ்சள் பையில் ரசீதுகளோடு வைத்துவிடுங்கள். பையை முகூர்த்த வேலையில் ஓடாத ஒருவரிடம் கொடுங்கள்.